பாரங்காரூ: வெட்டிய குன்றைத் திரும்பக் கட்டியது சரியா?

கரைநடை (சிட்னி)

சிட்னித் துறைமுகப் பாலத்துக்குச் சற்று மேற்கே, மில்லர்ஸ் பாயின்ட் முனையில் இருக்கும் பாரங்காரூ பூங்காவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன். 2015 ஆகஸ்டில் திறந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல் உண்டு.

அறியாதவர்களுக்காக வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். அங்கே ஒரு காலத்தில் மணற்கல் குன்று இருந்தது. 1830-களிலிருந்து கப்பல்துறைக்காக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். 1900-ல் பிளேக் நோய் பரவியதும் அரசு அந்தக் கரையைக் கையகப்படுத்திப் பழைய துறைகளை அகற்றிப் புதியன கட்டியது. ஹிக்சன் சாலை அப்போது பிறந்ததுதான். பிறகு கன்டெய்னர் காலம் வந்தது. கடலுக்குள் நீண்டிருந்த மரத் துறைமேடைகளும் போய், 22 ஹெக்டேர் இடமும் தட்டையான கான்கிரீட் தளமாயிற்று.

சரக்கு வேலை அங்கிருந்து நகர்ந்தபோது நடந்த போட்டியில், 2006-ல் ஹில் தாலிஸ், பால் பெர்க்மையர், ஜேன் இர்வின் ஆகியோரின் குழு வென்றது. அவர்கள் துறையின் நேர்கோட்டு விளிம்பைக் காப்பாற்றி, அதை ஒட்டிப் பூங்கா வரைந்தார்கள். முன்னாள் பிரதமர் பால் கீட்டிங்கோ, குன்றும் வளைந்த கரையும் திரும்ப வர வேண்டும் என்று விடாமல் வாதாடினார். அவர் எண்ணமே நிறைவேறியது. அமெரிக்காவின் பீட்டர் வாக்கர் நிறுவனம், சிட்னியின் ஜான்சன் பில்டன் வாக்கர் நிறுவனத்தோடு சேர்ந்து, 1836-ஆம் ஆண்டின் கரைக்கோட்டை வழிகாட்டியாக வைத்து ஏறத்தாழ 6 ஹெக்டேரில் குன்றை எழுப்பியது. குன்றின் வயிற்றுக்குள் கார் நிறுத்துமிடமும் ‘கட்அவே’ என்னும் பெரிய மண்டபமும் இருக்கின்றன.

என் கேள்வி இதுதான். ஏன் 1836? பாரங்காரூ என்ற, கேமரகல் ஆதிக்குடியைச் சேர்ந்த பெண்மணி மரப்பட்டைப் படகிலிருந்து மீன் பிடித்த கரை அது என்கிறார்கள். அவர் இறந்தது 1791-ல். 1836-க்குள் அவர் மக்கள் அந்தக் கரையை இழந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது. இன்னொரு பக்கம், 1930-களின் பெருமந்தத்தில் ஒரு நாள் கூலிக்காகத் துறை துறையாக ஏறி இறங்கிய தொழிலாளர்கள் ஹிக்சன் சாலையைப் ‘பசி மைல்’ என்றார்கள். அவர்கள் உழைத்த தளத்தின் மேல்தான் இந்தக் குன்று நிற்கிறது. கட்டிய குன்றை இயற்கை என்று காட்டுவதைவிட, இருந்த துறையைத் துறையாகவே மக்களுக்குத் திறந்துவிட்டிருந்தால் உண்மையாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கல்தச்சன் (நியூகாசில்)

கடல்சார் கட்டுமானத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் மறுக்கிறேன். மேலே இருக்கும் குன்றைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பூங்காவின் உயிர் அதன் கடைசிச் சில மீட்டர்களில், கல்லும் நீரும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

சிட்னித் துறைமுகத்தில் நாளொன்றுக்கு இருமுறை ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி இருமுறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டர் வரை வித்தியாசம் வரும். ஆண்டின் மிகப் பெரிய ஓதங்களில் அது இரண்டு மீட்டரை நெருங்கும். கரையை வடிவமைக்கிறவன் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். செங்குத்தான துறைச் சுவராக இருந்தால், தாழ் ஓதத்தின்போது நடைபாதையில் நிற்பவருக்கு நீர் எங்கோ கீழே தெரியும். கைப்பிடிக் கம்பி போடாமல் விட முடியாது. கம்பி போட்டால் துறைமுகத்தைப் பார்க்கலாமே தவிர, தொட முடியாது.

பாரங்காரூவில் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் அந்த இடத்திலேயே பாறையைத் தோண்டி எடுத்த ஏறத்தாழ 10,000 மணற்கல் பாளங்களைப் படிகளாக நீருக்குள் இறக்கினார்கள். கட்அவே மண்டபமும் கார் நிறுத்துமிடமும் அந்தக் கல்லை எடுத்த இடத்தில் வந்தவைதான். வெளியிலிருந்து வந்த கல் மிகக் குறைவு. உயர் ஓதத்தில் மேல் படிகள் மட்டும் தெரியும். இறங்கும்போது கீழ் வரிசைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். பெரும்பாலான இடத்தில் கம்பியே கிடையாது. விரும்புகிறவர் இறங்கிக் காலை நனைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. படகுகளின் அலை செங்குத்துச் சுவரில் மோதினால் அப்படியே திரும்பிப் போய் எதிர் அலையோடு சேர்ந்து கொந்தளிக்கும். படிக்கல்லில் மோதும் அலை உடைந்து வலுவிழக்கும். படகுகள் ஓயாமல் போகும் இடத்தில் இது சிறிய விஷயமில்லை.

துறையின் நேர் விளிம்பை வைத்திருந்தால் அந்தத் தொழிலாளர்களுக்கு மரியாதை என்கிறீர்கள். அந்தத் தளம் பெரும்பாலும் கன்டெய்னர்களை அடுக்குவதற்காகப் போடப்பட்ட கான்கிரீட். பசி மைல் மனிதர்கள் நடந்த மரத் துறைகள் அதற்கு முன்பே போய்விட்டன.

நெய்தல் (உல்லங்காங்)

கல்தச்சன் அண்ணா சொன்னதை உயிரியல் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன்.

ஓதம் ஏறி இறங்கும் பட்டையில் வாழும் உயிர்கள் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. மேலே, எப்போதாவது நனையும் இடத்தில் சிறு நத்தைகள். அதற்குக் கீழே பாறையில் ஓட்டோடு ஒட்டி வாழும் கொட்டலசு. அதற்கும் கீழே சிட்னிப் பாறைச் சிப்பி. அடியில் கடற்பாசிகள். ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் வெயிலில் காயத் தாங்கும் என்பதைப் பொறுத்து அதன் இடம் அமைகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓத வித்தியாசம் ஒன்றரை மீட்டர் என்றால், செங்குத்துச் சுவரில் இந்த எல்லா உயிர்களுக்கும் கிடைப்பது ஒன்றரை மீட்டர் அகலம். அதையே நான்குக்கு ஒன்று என்ற சரிவாக்கினால் ஆறு மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. சுவரில் நிழலும் ஈரமும் தேங்கும் பொந்துகளும் இல்லாததால் பல உயிர்கள் ஒட்டவே முடிவதில்லை. சிட்னித் துறைமுகக் கரையில் பாதியளவு இப்படி மனிதர் கட்டிய சுவர்கள்தான். அதனால்தான் 2018 முதல் ‘லிவிங் சீவால்ஸ்’ திட்டத்தில் பள்ளமும் முகடும் கொண்ட கான்கிரீட் பலகைகளைப் பழைய சுவர்களில் பொருத்துகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அது சுவரின் குறையைக் குறைப்பது மட்டுமே. பாரங்காரூவில் கரையின் வடிவமே மாறியிருக்கிறது.

ஒரு வருத்தமும் உண்டு. அந்தப் பாளங்கள் மிக நேர்த்தியாக, தட்டையான முகத்தோடு அறுக்கப்பட்டவை. இயற்கையான பாறைக்கரையில் ஓதம் இறங்கிய பிறகும் நீர் தேங்கி நிற்கும் குழிகள் இருக்கும். சிறு மீன், நண்டு, கடல் அனிமோனி எல்லாம் அங்கேதான் அடுத்த ஓதம் வரை உயிர் பிழைக்கும். அறுத்த கல்லில் அவை குறைவு. தாழ் ஓத மட்டத்துக்கு மேலே இருக்கும் படிகளில் வேண்டுமென்றே குழி குடைந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத பெரும் பயன் கிடைத்திருக்கும்.

செம்பருத்தி (புரூக்ளின்)

நான் இருக்கும் நகரத்தில் இதற்கு நேர் எதிரான வழியில் போனார்கள். அதனால் கரைநடை பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

புரூக்ளின் பாலப் பூங்கா ஈஸ்ட் ரிவர் கரையில் இருக்கிறது. பெயரில் ஆறு என்றிருந்தாலும் அது கடலோடு இரு முனையிலும் சேரும் ஓதக் கால்வாய். நீரோட்டம் திசை மாறிக்கொண்டே இருக்கும். அங்கேயும் சரக்குத் துறைகள் காலியாகிக் கிடந்தன. மைக்கேல் வான் வால்கன்பர்க் குழு பழைய கரைக்கோட்டைத் தேடிப் போகவில்லை. துறைமேடைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் தாங்கும் திறனைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். கரைமண் நிரப்பிய முதல் மேடை பாரம் தாங்கும், எனவே அங்கே மேடும் மரங்களும். மரத்தூண் மேல் நிற்கும் மேடைகளில் பாரம் ஏற்ற முடியாது, எனவே அங்கே விளையாட்டுத் திடல்கள். முதல் பகுதி 2010-ல் திறந்தது.

பழையதை மறைக்கவும் இல்லை. இடித்த குளிர்பதனக் கிடங்குகளின் பைன் உத்தரங்கள் பூங்காவின் இருக்கைகளாயின. இன்னொரு பாலத்தைப் புதுப்பித்தபோது கழற்றிய கருங்கற்கள் நீரைப் பார்த்து உட்காரும் படிகளாயின. ஒரே பூங்காவில் நீர் விளிம்பு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஓரிடத்தில் பாறைக்குவியல், ஓரிடத்தில் உவர்ச் சதுப்பு, ஓரிடத்தில் துடுப்புப் படகு இறக்கும் சரிவு. நெய்தல் சொல்கிற உயிர்களுக்கும் இடம் உண்டு, தொழிலாளர் நினைவுக்கும் இடம் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

2012 அக்டோபர் 29-ல் சாண்டி புயல் வந்தபோது, மன்ஹாட்டனின் தென்முனை ஓதமானியில் நீர் 4 மீட்டருக்கு மேல் போனது. பூங்கா மூழ்கியது. ஆனால் மேட்டில் வைத்த மரங்களும், உப்பைத் தாங்கும் செடிகளும், பாறைக்குவியல் விளிம்பும் நன்றாகவே தாக்குப்பிடித்தன.

ஆனால் துறையைக் காப்பாற்றுவதற்கு ஒரு விலை உண்டு, கரைநடை. நியூயார்க் துறைமுகத்தின் நீர் சுத்தமாகச் சுத்தமாக, முன்பு மாசினால் ஒதுங்கியிருந்த கப்பல் புழுக்கள் திரும்பி வந்தன. அவை மரத்தூண்களைத் துளைத்துத் தின்கின்றன. பூங்காவின் அடியில் ஆயிரக்கணக்கான மரத்தூண்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி உறை போட்டுக் காப்பாற்றுவது முடிவே இல்லாத செலவு. அந்தச் செலவை ஈடுகட்டத்தான் பூங்கா நிலத்தின் ஒரு சிறு பங்கில் அடுக்குமாடிகளும் ஹோட்டலும் கட்ட அனுமதித்து, அந்த வருமானத்தில் பூங்கா தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும் என்று 2002-லேயே நகரமும் மாநிலமும் முடிவு செய்தன. அதை எதிர்த்து இங்கே ஆண்டுக்கணக்கில் வழக்கும் போராட்டமும் நடந்தன.

கரைநடை (சிட்னி)

செம்பருத்தி, நான் கேட்க நினைத்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். பாரங்காரூவிலும் அதே பேரம்தான் நடந்தது, அதைவிடப் பெரிய அளவில். வடக்கே குன்றும் பூங்காவும், தெற்கே அலுவலகக் கோபுரங்கள். முதலில் ஒரு ஹோட்டலைத் துறைமுக நீருக்குள்ளேயே நீளும் மேடையில் கட்டுவதாகப் படம் காட்டினார்கள். மக்கள் எதிர்த்ததும் அதைக் கரைக்கு இழுத்தார்கள். கரையில் அது எங்கே வந்தது? பொதுமக்களுக்கான திறந்தவெளி என்று முன்பு காட்டிய இடத்தில். 2016-ல் அனுமதி கிடைத்து, இன்று 271 மீட்டர் உயரத்தில் அந்த ஹோட்டல், கிரௌன் கோபுரமாக நிற்கிறது. மதியத்துக்குப் பிறகு அதன் நிழல் எங்கே விழுகிறது என்று போய்ப் பாருங்கள்.

பூங்காவின் கல்லும் செடியும் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது இந்தக் கட்டிடங்களுக்கு மக்கள் தலையாட்டுவதற்காகக் கொடுத்த பங்கு என்பது என் நெஞ்சில் உறுத்துகிறது. 1970-களில் ஜாக் மண்டியும் கட்டுமானத் தொழிலாளர் சங்கமும் இடிப்பு வேலையைச் செய்ய மறுக்கும் ‘பசுமைத் தடை’ போட்டுப் பக்கத்து ராக்ஸ் பகுதியை இடிப்பிலிருந்து காப்பாற்றினார்கள். அந்தக் கரையில் இது நடந்திருக்கிறது.

மேற்குப்புறம் (ஹோம்புஷ்)

வடிவமைப்பாளர்கள், பொறியாளர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள். முதியவர்களை அழைத்துப் போகிறவளாகச் சில வார்த்தை.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. அந்த மணற்கல் படிகளில் அவரால் இறங்க முடியாது. ஒவ்வொரு பாளமும் ஒரு வீட்டுத் திண்ணை உயரம். பாசி படிந்த கீழ்ப்படிகள் இளையவர்களுக்கே வழுக்கும். ‘நீரைத் தொடலாம்’ என்று கல்தச்சன் அண்ணா மகிழ்ந்து எழுதியிருக்கிறார். யாரால் தொட முடியும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கரையோரமாகப் போகும் வுலுகுல் நடைபாதை மட்டும் சமதளம், சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், அதற்கு நன்றி. மேலே ஏற லிஃப்ட் இருக்கிறது. ஆனால் நீருக்கு அருகே, கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கி ஓரமாக உட்காரும்படி ஓரிரண்டு இடமாவது வேண்டும். நம் ஊர்க் குளக்கரைகளில்கூடச் சிறு படி, பெரும் படி என்று வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். அந்தக் கரையில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நம்மவர்களும் உண்டு. துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீனையோ இறாலையோ நண்டையோ உண்ண வேண்டாம் என்பது 2006 முதல் மாநில அரசின் அறிவுரை. காரணம் டையாக்சின். எங்கள் ஹோம்புஷ் விரிகுடாவில் முன்பு இருந்த ரசாயனத் தொழிற்சாலைகளின் நஞ்சு சேற்றில் படிந்து மீனுக்குள் போயிருக்கிறது. பாரங்காரூ பாலத்துக்கு மேற்குப் பக்கம்தான். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்குக் குழம்பு வைத்துக் கொடுக்காதீர்கள்.

தோட்டக்காரர் (பிரிஸ்பேன்)

குன்றைப் பொய் என்று சொல்வதைப் படித்து வேதனையாக இருக்கிறது. செடியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன்.

அங்கே 75,000-க்கும் மேற்பட்ட மரமும் புதரும் செடியும் நட்டார்கள். 84 வகைகள். அவற்றில் ஐந்தைத் தவிர மற்ற எல்லாம் சிட்னித் துறைமுகச் சுற்றுப்புறத்தின் சொந்த வகைகள். சிவந்த, வழவழப்பான தண்டுள்ள அங்கோபோரா, கரையோர பேங்க்சியா, போர்ட் ஜாக்சன் அத்தி, முட்டைக்கோஸ் பனை எல்லாம் உண்டு. நாற்றுகளை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே பண்ணையில் வளர்த்தார்கள். தாவரத் தேர்வு ஸ்டூவர்ட் பிட்டன்ட்ரியுடையது.

அதைவிடப் பெரிய வேலை மண். கான்கிரீட் தளத்தில் மண் ஏது? லாரி லாரியாக வளமான மேல்மண் கொண்டுவந்து கொட்டியிருந்தால் இந்தச் செடிகள் செத்திருக்கும். பேங்க்சியா குடும்பம் பாஸ்பரஸ் மிகக் குறைந்த ஏழை மண்ணில் வாழப் பழகியது. உரமிட்ட மண் அதற்கு நஞ்சு. அதனால் மண்ணியலாளர் சைமன் லீக், அங்கேயே கிடைத்த மணற்கல்லை நொறுக்கி, மணலும் மக்கிய உரமும் அளவாகச் சேர்த்துச் சிட்னிக் குன்றின் மண்ணைச் செய்தார். கல் பூங்காவின் விளிம்பாயிற்று, அதே கல்லின் தூள் பூங்காவின் மண்ணாயிற்று. இதைச் செய்த மனிதர்களின் அக்கறையைப் ‘பங்கு’ என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடாதீர்கள், கரைநடை. கோபுரத்தின் மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயமானது. அதை மரத்தின் மேல் இறக்க வேண்டாம்.

கல்தச்சன் (நியூகாசில்)

மேற்குப்புறம் சொன்ன படி உயரம் பற்றி: முழுமையாக ஏற்கிறேன். பாளத்தின் உயரத்தைக் கல்லின் பருமன் தீர்மானித்தது, மனிதரின் கால் தீர்மானிக்கவில்லை. பெரிய பாளங்களுக்கு இடையே பாதி உயரப் படிகளைச் செருகிக் கம்பி வைப்பது கடினமான வேலை அல்ல.

இன்னும் யாரும் தொடாத ஒன்று, கடல் மட்டம். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2009-ல் வெளியிட்ட கொள்கை 1990 மட்டத்திலிருந்து 2050-க்குள் 40 சென்டிமீட்டர், 2100-க்குள் 90 சென்டிமீட்டர் உயர்வை வைத்துத் திட்டமிடச் சொன்னது. 2012-ல் அந்த மாநிலம் தழுவிய அளவைக் கைவிட்டார்கள், ஆனால் கடல் அதனால் நிற்கப்போவதில்லை. இங்கேதான் சரிவான கரையின் அருமை தெரிகிறது. செங்குத்துச் சுவருக்கு ஒரு மட்டம்தான் உண்டு. நீர் அதைத் தாண்டினால் நடைபாதை முழுவதும் ஒரே நாளில் நனையும், சுவரை உயர்த்தினால் கடல் மறையும். படிக்கரையில் நீர் ஒரு படி மேலே வரும். கொட்டலசும் சிப்பியும் ஒரு படி மேலே குடியேறும். நடைபாதையைப் பின்னால் உயரத்தில் வைத்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

அதனால் என் நிலை மாறவில்லை. குன்று இல்லாமலே இந்த விளிம்பைக் கட்டியிருக்கலாம் என்று கரைநடை சொன்னால் கேட்பேன். இந்த விளிம்பு இல்லாமல் துறையை அப்படியே விட்டிருக்கலாம் என்றால் ஏற்க மாட்டேன்.

மழைநாள் (சிட்னி)

குளிப்பதைப் பற்றிக் கேட்கலாமா? பாரங்காரூவின் மர்ரினாவி கோவ் என்ற சிறு வளைவில் 2023 ஜனவரி முதல் நீந்த அனுமதித்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

நெய்தல் (உல்லங்காங்)

போகலாம். ஒரே விதி: பெருமழை பெய்தால் அடுத்த மூன்று நாள் துறைமுகத்தில் இறங்காதீர்கள். தெருவெல்லாம் கழுவிய நீர் மழைநீர்க் கால்வாய் வழியாக அங்கேதான் வருகிறது. குளத்தைப் போல மூடிய வளைவுகளில் ஓதம் பழைய நீரைக் கழுவிப் போகக் கூடுதல் நேரம் எடுக்கும். இதுவும் வடிவமைப்பின் பகுதிதான். கரையை வளைத்து அழகாக்கும்போதெல்லாம், அந்த வளைவுக்குள் நீர் புரள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கரைநடை (சிட்னி)

தோட்டக்காரர் ஐயா, மண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன், அந்த உழைப்பை மதிக்கிறேன். கல்தச்சனின் விளிம்பு பற்றிய வாதத்துக்கும் என்னிடம் எதிர்வாதம் இல்லை. 1836 பற்றிய என் கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு கரைக்குப் பல காலங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கல்லில் நிறுத்தும்போது, மற்ற காலங்களின் மனிதர்கள் எங்கே போக வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. ஹிக்சன் சாலையின் ஒரு பகுதிக்கு 2009-ல் ‘பசி மைல்’ என்ற பெயரை அதிகாரப்பூர்வமாக வைத்தார்கள். ஒரு பெயர்ப்பலகை போதாது.

பாரங்காரூவின் நடுப்பகுதியில், நாவி கோவ் என்ற கரை வளைவுக்குத் தெற்கே, ஹார்பர் பார்க் என்ற பூங்கா வரவிருக்கிறது. அங்கே செம்பருத்தி சொன்னதைச் செய்ய இடம் இருக்கிறது. துறை விளிம்பின் ஒரு பகுதியை நேர்கோடாகவே வைத்து, கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்தும் இரும்புக் குமிழ்களோடு விட வேண்டும். அதன் பக்கத்திலேயே நெய்தல் கேட்ட குழி குடைந்த கற்களையும், மேற்குப்புறம் அக்கா கேட்ட கம்பியோடு கூடிய சிறு படிகளையும் இறக்க வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து பாரங்காரூவில் மெட்ரோ ரயில் நிற்கிறது, நகரின் வடமேற்கிலிருந்து நேராக வந்து இறங்கலாம். வருகிற கூட்டம் இனி அந்த வட்டாரத்துக் கோபுரவாசிகள் மட்டுமல்ல.

மக்கள் கருத்துக் கேட்பு அடுத்து வரும்போது அனுப்புவதற்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். படி உயரம், குழிகளின் ஆழம், எந்த ஓத மட்டத்தில் எது என்பதைக் கல்தச்சனும் நெய்தலும் எண்களோடு எழுதிக் கொடுத்தால், மற்றதை நான் எழுதிவிடுகிறேன்.

நெய்தல் (உல்லங்காங்)

குழிகளுக்கு நான் பொறுப்பு. தாழ் ஓத மட்டத்திலிருந்து நடு ஓத மட்டம் வரை மூன்று வரிசைகளில், நிழல் விழும் பக்கமாக வைக்கச் சொல்லி எழுதுகிறேன். ஆழம் ஒரே அளவாக இருக்கக் கூடாது. ஆழமற்றது கோடை வெயிலில் கொதித்துவிடும்.

மேற்குப்புறம் (ஹோம்புஷ்)

மீன் எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் வைக்கச் சொல்லிக் கடிதத்தில் சேருங்கள். அரபு, சீனம், வியட்நாமிய மொழிகளிலும் வேண்டும். தூண்டில் போடுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலப் பலகை பயன்படாது.